மாநில அரசு கமிஷன்: மனு எழுதும் முன் அதன் உத்தரவைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி பக்கம் யாருக்காவது ஓர் அநியாயம் நடந்துவிட்டால் மறுநாளே டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும்: "கமிஷன்ல ஒரு மனு போட்டுறலாமுங்க." எந்தக் கமிஷன், அதன் தலைவர் நாற்காலியில் ஆள் இருக்கிறாரா, அது தீர்ப்புச் சொல்லுமா, சிபாரிசோடு நிறுத்திக்கொள்ளுமா என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சில வருடங்களாக நம் பக்கத்து ஆட்களோடு பாலக்காட்டில் நடக்கும் சிட்டிங்குகளுக்கு, அதாவது கமிஷன் உட்கார்ந்து மனுக்களை நேரில் கேட்கும் அமர்வுகளுக்கு, போய் வருகிறேன். மனு எழுதிக் கொடுக்கிறேன், கூடப் போய் நிற்கிறேன். திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: மனுவில் உண்மை இருக்கும், எழுத்தும் நன்றாக இருக்கும், ஆனால் அந்த வேலையைச் செய்ய அதிகாரமே இல்லாத இடத்துக்கு அது போயிருக்கும். எல்லோரும் மனுவில் ஆரம்பிப்பதுதான் காரணம். மனு கடைசி வேலை. கமிஷனை உண்டாக்கிய காகிதத்தைப் படிப்பது முதல் வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கமிஷனை அமைத்த அறிவிக்கையின் நகல் முதலில் வேண்டும். கேரள அரசிதழ் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பத்திரிகைச் செய்தியை நம்பி வேலை செய்யாதீர்கள். "நீதி விசாரணைக்கு அரசு உத்தரவு" என்று தலைப்பு வரும். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு துறைக் குழுவாக இருக்கும்.

அடுத்தது, அந்தக் கமிஷனுக்கு ஆதாரமான சட்டத்தின் நகல். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. நியமனம், பதவிக்காலம், அதிகாரம், அறிக்கை ஆகிய நான்கு இடங்களைப் படித்தால் போதும். மலையாளம் சரளமாக வாசிக்கத் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இருக்கட்டும். பேச்சு மலையாளம் நமக்கெல்லாம் வரும். அரசிதழ் மலையாளம் வேறு.

கடைசியாக, உங்கள் விஷயத்தைத் தேதிவாரியாக எழுதிய ஒரே ஒரு தாள். கெடு எல்லாம் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். தேதி தெரியாமல் பிறகு எதையும் சரிபார்க்க முடியாது.

2. எந்த வழியில் பிறந்தது என்று பாருங்கள்

வாசலில் கமிஷன் என்று பலகை இருப்பதெல்லாம் ஒரே ஜாதி இல்லை. நான்கு வழியில் அவை பிறக்கின்றன.

அரசியல் சாசனமே உண்டாக்கியவை முதல் வகை. 315ஆம் பிரிவின் கீழ் வரும் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்), 243கே பிரிவின் கீழ் வரும் மாநிலத் தேர்தல் கமிஷன், ஐந்தாண்டுக்கு ஒரு முறை அமையும் மாநில நிதிக் கமிஷன் ஆகியவை இதில் அடங்கும். மாநில அரசு நினைத்தாலும் இவற்றை மூட முடியாது.

இரண்டாவது, ஒரு சட்டத்தால் நிரந்தரமாக நிற்பவை. 1993ஆம் வருட மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநில மனித உரிமைக் கமிஷன், 2005ஆம் வருடச் சட்டங்களின் கீழ் தகவல் கமிஷனும் குழந்தை உரிமைக் கமிஷனும் வந்தன. கேரள மகளிர் கமிஷனுக்கு மாநிலத்தின் சொந்தச் சட்டமே உண்டு. இந்த வகையில் கவனிக்க வேண்டியது, சட்டம் இருப்பதும் கமிஷன் இருப்பதும் ஒன்றல்ல என்பது. மகளிர் கமிஷன் சட்டத்தின் பெயரில் 1990 என்று இருக்கிறது, ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து அது சட்டமானது 1995ல். கமிஷன் அமைந்ததோ 1996ல், சுகதகுமாரி தலைமையில். அதுவரை அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணால் எங்கேயும் போய் நின்றிருக்க முடியாது.

மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்காக 1952ஆம் வருட விசாரணைக் கமிஷன் சட்டத்தின் கீழ் அமைவது. வேலை முடிந்ததும் கலைந்துவிடும்.

நான்காவது, வெறும் அரசாணையால் அமையும் குழு. நம் ஆட்கள் இடறி விழுவது இங்கேதான். குழுவின் தலைமையில் முன்னாள் நீதிபதி இருப்பார், அறிக்கை தடிமனாக வரும், பெயரும் பெரிதாக இருக்கும். ஆனால் ஒருவரை வா என்று கூப்பிட்டு, வராவிட்டால் வரவழைக்கும் அதிகாரம் அதற்கு இருக்காது. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017ல் அமைந்த நீதிபதி ஹேமா குழு இந்த வகைதான். 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். அதுவும் மாநிலத் தகவல் கமிஷன் உத்தரவு போட்ட பிறகு, சில பகுதிகளை மறைத்துத்தான் வந்தது. 1952ஆம் வருடச் சட்டத்தின் கீழ் அமைந்திருந்தால் அறிக்கையைச் சட்டசபையில் வைக்கக் கெடு இருந்திருக்கும். குழுவுக்கு அந்தக் கெடு கிடையாது.

நம் சித்தூர் தாலூகாவிலேயே உதாரணம் இருக்கிறது. பிளாச்சிமடை குளிர்பான ஆலையால் நிலத்துக்கும் நீருக்கும் ஏற்பட்ட சேதத்தைக் கணக்கிட அரசு ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2010ல் கொடுத்த அறிக்கையில் சேதம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொன்னது. அந்தத் தொகையை வாங்கிக் கொடுக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அதற்காக ஒரு தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011ல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போன அது சட்டமாகவே இல்லை. பெருமாட்டிப் பக்கத்தில் இன்றும் "கமிஷன்தான் 216 கோடி தரச் சொல்லிருச்சே, ஏனுங்க வரல?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சொன்னது குழு, கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அதனிடம் இல்லை என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

இன்னொரு குழப்பம்: முல்லைப்பெரியாறு விஷயத்தில் 2010ல் வந்த நீதிபதி ஆனந்த் குழுவை மாநில அரசு கமிஷன் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உச்ச நீதிமன்றம் அமைத்தது. யார் அமைத்தார்களோ அவர்களிடம்தான் அறிக்கை போகும். அதனால் அமைத்தவர் யார் என்பதை உங்கள் தாளின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. அறிவிக்கையை வரி வரியாகப் படியுங்கள்

விசாரணைக் கமிஷன் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் படிப்பது எளிது. மந்திரிசபை முடிவெடுக்கும். துறை வரைவு தயாரிக்கும், சட்டத் துறை பார்க்கும், அப்புறம் அரசிதழில் அறிவிக்கை வரும். அரசிதழில் வந்த பிறகுதான் கமிஷன் பிறக்கிறது. மந்திரி பத்திரிகையாளர்களிடம் சொன்ன நாளிலிருந்து கெடு எண்ண ஆரம்பிப்பது தவறு.

சட்டசபை தீர்மானம் போட்டால் அரசு கமிஷன் அமைத்தே ஆக வேண்டும். தீர்மானம் இல்லாவிட்டால் அது அரசின் விருப்பம். "கமிஷன் வை" என்று கலெக்டரேட் முன்னால் உட்காருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு எம்.எல்.ஏ.வையும் பார்க்க வேண்டும். கலெக்டரால் விசாரணைக் கமிஷன் அமைக்க முடியாது.

இப்போது காகிதத்தைக் கையில் எடுங்கள். மேலே ஜி.ஓ.(பி) என்று ஓர் அரசாணை எண், அதோடு எஸ்.ஆர்.ஓ. என்று ஓர் எண் இருக்கும். எஸ்.ஆர்.ஓ. எண் இருந்தால் ஏதோ ஒரு சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். ஜி.ஓ.(ஆர்.டி.) என்று மட்டும் இருந்தால் அது வழக்கமான நிர்வாக உத்தரவு, பெரும்பாலும் குழுவாக இருக்கும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் மூன்று மாதம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, 1952ஆம் வருட விசாரணைக் கமிஷன் சட்டத்தின் "பிரிவு 3ன் கீழ்" என்ற சொல்லைத் தேடுங்கள். பக்கத்திலேயே "பிரிவு 5" இருக்கிறதா என்றும் பாருங்கள். 3 கமிஷனைப் பிறப்பிப்பது. 5 கூடுதல் அதிகாரம் கொடுப்பது. தகவல் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதும், கட்டடத்தில் நுழைந்து ஆவணங்களைக் கைப்பற்றுவதும் இதில்தான் வரும். 5ஆம் பிரிவு தானாக வராது. அரசு தனியாக எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அறிவிக்கையில் அந்த எண் இல்லையென்றால் அந்த அதிகாரம் அன்றைக்கு இல்லை என்று அர்த்தம்.

அதன் பிறகு விசாரணை வரம்பு. அ, ஆ, இ என்று சின்னச் சின்ன வரிகளாக இருக்கும். வக்கீல்கள் இதை டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ் என்பார்கள். ஒவ்வொரு வரியின் வினைச்சொல்லையும் அடிக்கோடிடுங்கள். "காரணத்தைக் கண்டறிய", "பொறுப்பானவர்களை அடையாளம் காண", "இனி நடக்காமலிருக்க வழி சொல்ல" என்று மூன்று இருந்தால், உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அதில் இடமில்லை. இழப்பீடு என்ற சொல் வரம்பில் இல்லாவிட்டால், கமிஷன் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைத் தொட மாட்டார். தொட்டால் நீதிமன்றத்தில் அடிபடும். சோலார் மின்தகடு மோசடி விவகாரத்தில் நீதிபதி சிவராஜன் கமிஷன் கொடுத்த அறிக்கையில், ஒரு கடிதத்தையும் அதை வைத்து எழுதப்பட்ட பகுதிகளையும் கேரள உயர் நீதிமன்றம் 2018ல் நீக்கச் சொன்னது.

அறிவிக்கையின் கடைசியில் விளக்கக் குறிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். நல்ல எளிய நடையில் இருப்பதால் எல்லோரும் அதைத்தான் படிப்பார்கள், மனுவிலும் அதையே எடுத்துப் போடுவார்கள். அதன் தலையிலேயே, இது அறிவிக்கையின் பகுதி ஆகாது, பொதுக் கருத்தைக் காட்டத்தான் சேர்க்கப்பட்டது என்று எழுதியிருக்கும். என் ஆரம்ப நாட்களில் நானும் அந்தப் பத்தியை மேற்கோள் காட்டி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அது சொல்லும் விஷயம் வரம்பில் வேறு மாதிரி இருந்தது. மனு திரும்பி வந்தது. அலைந்தவர் அந்த மனிதர். அதிலிருந்து மேலிருந்து கீழாகத்தான் படிக்கிறேன்.

பதவிக்காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று போடுவார்கள். நீட்டிப்பு தனி அறிவிக்கையாக வரும். சோலார் கமிஷன் 2013 அக்டோபரில் அமைந்து 2017 செப்டம்பரில்தான் அறிக்கை கொடுத்தது. நீட்டிப்பு அறிவிக்கைகளையும் தேடி எடுத்து ஒன்றாகத் தைத்து வையுங்கள். சில சமயம் நீட்டிக்கும்போது வரம்பையும் மாற்றியிருப்பார்கள்.

எல்லையில் இருக்கும் நமக்கு இன்னொரு கேள்வி உண்டு. ஒரே சம்பவம் இரண்டு மாநிலத்திலும் நீண்டால் என்ன ஆகும்? மத்திய அரசு ஒரு கமிஷன் அமைத்து அது நடந்துகொண்டிருந்தால், அதே விஷயத்துக்கு மாநிலம் அதன் அனுமதி இல்லாமல் இன்னொன்று அமைக்க முடியாது. மாநிலம் முந்திக்கொண்டிருந்தால், விசாரணை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு விரிய வேண்டும் என்று கருதினால்தான் மத்திய அரசு தனியாக அமைக்கும். அதனால் தமிழ்நாட்டுப் பக்கம் எதுவும் அமைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

4. நாற்காலியில் யார்?

விசாரணைக் கமிஷனில் ஒருவரே போதும். யாரைப் போடுவது என்பது அரசின் முடிவு. பதவியில் இருக்கும் நீதிபதி வேண்டும் என்று கோரிக்கை எழும். அதற்கு உயர் நீதிமன்றம் ஆள் விட்டுத் தர வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள் வருகிறார்கள்.

நிரந்தரக் கமிஷன்களில் நியமன வழி சட்டத்திலேயே இருக்கிறது. மனித உரிமைக் கமிஷனுக்கு முதலமைச்சர், சபாநாயகர், உள்துறை மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர் கொண்ட குழு சிபாரிசு செய்யும்; கவர்னர் நியமிப்பார். தலைவர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவோ நீதிபதியாகவோ இருந்தவர். 2019 திருத்தத்துக்குப் பிறகு பதவிக்காலம் மூன்று வருடம் அல்லது 70 வயது வரை. நியமிப்பவர் கவர்னர் என்றாலும் நீக்குவது குடியரசுத் தலைவரால்தான் முடியும். தகவல் கமிஷனில் முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், ஒரு மந்திரி ஆகிய மூவர் சிபாரிசு செய்வார்கள்.

இதையெல்லாம் நான் சொல்வது பொது அறிவுக்காக அல்ல. பதவிக்காலம் முடிந்து நாற்காலி காலியாக இருக்கும் கமிஷனுக்கு நீங்கள் மனு அனுப்பினால் தபால் பிரிவு வாங்கிக்கொள்ளும், எண்ணும் கொடுக்கும். சிட்டிங் மட்டும் நடக்காது. வேலந்தாவளத்து அக்கா ஒருவர் அப்படி ஒரு கமிஷனின் ரசீதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் காத்திருந்தார். அதற்குள் வேறிடத்தில் போகக்கூடிய கெடு போய்விட்டது. அனுப்பும் முன் ஒரு போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: தலைவர் இருக்கிறாரா, பாலக்காட்டில் அடுத்த சிட்டிங் எப்போது?

5. ஆட்களும் பணமும்

கமிஷனுக்கு அறிவு தலைவரிடமிருந்தும் கால் செயலாளரிடமிருந்தும் வருகிறது. மனித உரிமைக் கமிஷனுக்கு அரசுச் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரைச் செயலாளராகவும், ஐ.ஜி. அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரின் கீழ் விசாரிக்கும் போலீஸ் பிரிவையும் மாநில அரசு கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கமிஷனிடம் சொந்தமாக விசாரிக்க ஆள் இருப்பது பெரிய விஷயம். இல்லாத கமிஷன் என்ன செய்யும்? நீங்கள் யார் மேல் மனு கொடுத்தீர்களோ அந்தத் துறையிடமே அறிக்கை கேட்கும்.

விசாரணைக் கமிஷனுக்கு வேறு துறைகளிலிருந்து ஆட்களை மாற்றிக் கொடுப்பார்கள். ஒரு செயலாளர், ஒரு வக்கீல், ஸ்டெனோ, கொஞ்சம் ஊழியர்கள், ஓர் அலுவலக அறை. விசாரணை ஆரம்பிக்கத் தாமதமானால் பெரும்பாலும் சட்டச் சிக்கல் காரணமில்லை. அறையும் ஆளும் வந்திருக்காது. 1952ஆம் வருடச் சட்டத்தின் 5ஏ பிரிவின் கீழ் அரசின் அதிகாரிகளையோ புலனாய்வு அமைப்பையோ கமிஷன் பயன்படுத்திக்கொள்ளலாம்.

6. என்ன முடியும், என்ன முடியாது

"சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு" என்ற வரியைப் படித்ததும் விசாரணைக் கமிஷனைக் கோர்ட் என்றே நினைத்துவிடுகிறார்கள். 1952ஆம் வருடச் சட்டத்தின் நான்காம் பிரிவைச் சொல் சொல்லாகப் படியுங்கள். இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் ஒருவரைச் சம்மன் அனுப்பி வரவழைத்துப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கலாம். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். பிரமாணப் பத்திரத்தைச் சாட்சியமாக வாங்கலாம். எந்த அலுவலகத்திலிருந்தும் அரசுப் பதிவேட்டை வரவழைக்கலாம். நேரில் வர முடியாத சாட்சியை விசாரிக்க ஆள் அனுப்பலாம். எல்லாமே உண்மையைத் திரட்டும் அதிகாரங்கள். தண்டிப்பதோ, நிலத்தை மீட்டுத் தருவதோ, ஒருவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுப்பதோ இதில் இல்லை. அறிக்கை ஒரு சிபாரிசுதான் என்று 1958லேயே டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சாட்சி பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ இருக்கிறார் என்று கைவிட்டுவிடாதீர்கள். "எந்த மூலையிலிருந்தும்" என்பது நமக்காகவே எழுதிய மாதிரி இருக்கும் வரி. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர்களில் முக்கிய சாட்சி பாதி நேரம் அந்தப் பக்கம்தான் இருப்பார். பெயரும் விலாசமும் கொடுத்து அவரை அழைக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

சாட்சி சொல்லப் பயப்படுகிறவர்களுக்கு ஆறாம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். கமிஷன் முன் சொல்லும் வாக்குமூலத்தை, பொய்ச் சாட்சி சொன்ன வழக்கைத் தவிர, வேறு சிவில் கிரிமினல் வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அதே போல, கமிஷன் உங்கள் நடத்தையை விசாரிக்கும் என்றாலோ, முடிவு உங்கள் பெயரைக் கெடுக்கும் என்றாலோ, 8பி பிரிவின் கீழ் உங்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. குறுக்கு விசாரணை செய்யவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் 8சி வழி கொடுக்கிறது.

மனித உரிமைக் கமிஷனும் சிபாரிசுதான் செய்யும். இழப்பீடு, வழக்குத் தொடர்வது, உடனடி இடைக்கால நிவாரணம் எல்லாம் சிபாரிசாக வரும். அரசு ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சிபாரிசு அரசைக் கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021ல் சொன்னது. பொள்ளாச்சியில் இருக்கும் சொந்தக்காரர் அதைச் சொல்லி உங்களுக்குத் தைரியம் கொடுப்பார். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டில் கட்டும். நாம் இருப்பது கேரளத்தில். இங்கே அதை வாதத்துக்கு எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

நேரடியாகக் கடிக்கும் பல் தகவல் கமிஷனுக்கு உண்டு. தகவல் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் அதுவே போடலாம். அதனால்தான் பல விஷயங்களில் முதலில் தகவல் உரிமை மனு போட்டுக் காகிதத்தை வாங்கிவிட்டு, அப்புறம் மற்றக் கமிஷனுக்குப் போகச் சொல்கிறேன்.

வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, கொடுக்கல் வாங்கல் எதையும் எந்தக் கமிஷனுக்கும் கொண்டுபோகாதீர்கள். அது சிவில் கோர்ட் வேலை.

7. இப்போது மனு

முதலில் கெடு. மனித உரிமைக் கமிஷன், சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டியதை எடுக்க முடியாது. அடுத்து, அதே மனுவை டில்லியில் உள்ள தேசியக் கமிஷனுக்கும் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலக் கமிஷனுக்கும் மகளிர் கமிஷனுக்கும் சேர்த்து அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒன்றில் நிலுவையில் இருந்தால் மற்றது விசாரிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மூன்று இடத்தில் போட்டால் ஒன்றாவது கேட்கும் என்ற நினைப்பில், மூன்றும் "அங்கே இருக்கிறது" என்று முடித்துவிட வழி செய்துகொடுக்கிறோம். ரயில்வே போன்ற மத்திய அரசு விஷயம் என்றால் மாநிலக் கமிஷன் அல்ல, தேசியக் கமிஷன்.

மொழியைப் பற்றி: தயங்காமல் தமிழில் எழுதலாம். குறை தீர்க்கக் கேட்டு எந்த அதிகாரிக்கும் மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்க அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் பேசும் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனாலும் ஒரு பக்க மலையாளச் சுருக்கம் ஒன்றை மேலே வையுங்கள். கோப்பைப் பிரித்துப் பார்க்கும் கிளார்க்குக்குத் தமிழ் தெரியாவிட்டால், மொழிபெயர்ப்புக்கு என்று அது ஒரு மூலையில் கிடக்கும். தகவல் உரிமை மனுவை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். அந்தச் சட்டம் இங்கிலீஷ், ஹிந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது.

மனுவின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு தம்பி எழுதிக்கொண்டு வந்த முதல் வரி: "பல வருடங்களாக அதிகாரிகள் எங்களை மனிதர்களாகவே மதிப்பதில்லை." மனசில் இருப்பது அதுதான், ஆனால் கமிஷன் அதை வைத்து யாரிடம் அறிக்கை கேட்கும்? இரண்டு பேரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்: "மார்ச் 3 காலை 11 மணிக்கு அலுவலகத்தில் என் விண்ணப்பத்தை வாங்க மறுத்தார்கள். காரணம் எழுதித் தரவில்லை. மார்ச் 10ல் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீது இணைப்பு 2. இன்றுவரை பதில் இல்லை." கடைசிப் பத்தியில் வேண்டியது ஒன்றே ஒன்று எழுதினோம், அதுவும் அந்தக் கமிஷனால் செய்யக்கூடியது.

மனித உரிமைக் கமிஷனில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கட்டணும் என்று வழியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசல் ஆவணத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும்.

8. சிட்டிங் நாள்

மாவட்டச் சிட்டிங் பெரும்பாலும் விருந்தினர் மாளிகையிலோ கலெக்டரேட்டிலோ நடக்கும். வரிசையாகப் பெயர் கூப்பிடுவார்கள். "பராதிக்காரி உண்டோ?" என்று கேட்பார்கள். பராதி என்றால் புகார். வடகரப்பதியிலிருந்து வந்த ஒரு பாட்டி, இனிஷியலோடு தன் பெயரை மலையாள உச்சரிப்பில் கேட்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று முந்தானையை இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கோப்பு அடுத்த சிட்டிங்குக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து கூட வருகிறவர்களின் உள்ளங்கையில் கோப்பு எண்ணைப் பேனாவால் எழுதிவிடுகிறேன். போனதும் கிளார்க்கிடம் எண்ணைக் காட்டி, இன்றைய பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டுவிடுங்கள்.

தமிழில் பேசலாமா என்று முதலிலேயே கேளுங்கள். நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை. எதிர்த் தரப்பு கொடுத்த அறிக்கையின் நகலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். அதற்குப் பதில் எழுத நேரம் கேட்பது உங்கள் உரிமை. அன்றே வாயால் பதில் சொல்லி முடித்துவிட்டால் கோப்பில் எதுவும் நிற்காது.

9. அறிக்கை வந்த பிறகு

1952ஆம் வருடச் சட்டத்தின் கீழ் அமைந்த கமிஷன் என்றால், அறிக்கை கொடுத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு சேர்த்து அதை அரசு சட்டசபையில் வைக்க வேண்டும். அறிக்கை கொடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, ஆறாவது மாதம் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போங்கள். அறிக்கையைவிட அந்த நடவடிக்கைக் குறிப்புதான் நமக்கு முக்கியம். எந்தச் சிபாரிசை அரசு ஏற்றது, எதைத் தள்ளியது என்பது அதில்தான் இருக்கும். மாற்றம் வருவது அரசு எடுக்கும் முடிவிலிருந்துதான். தோட்டத் துறையின் நெருக்கடியை ஆராய்ந்த நீதிபதி கிருஷ்ணன் நாயர் கமிஷனின் அறிக்கையைப் பார்த்து 2018ல் அரசு முடிவெடுத்த பிறகுதான் தோட்ட வரி போனது.

மனித உரிமைக் கமிஷன் உத்தரவு என்றால் சிபாரிசு தேதியிலிருந்து ஒரு மாதம் கழித்துச் சம்பந்தப்பட்ட துறைக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கேரளத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். கேள்வி மூன்று போதும்: சிபாரிசு எந்தத் தேதியில் வந்தது, கமிஷனுக்கு அனுப்பிய பதிலின் நகல், கோப்பு இன்று எந்த மேசையில் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் கமிஷன்.